பிரேக் அக்காவின் அம்மா கார் ஓட்டப் பழகியது

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. பிரேக் அக்கா என்று சொல்லிப் பாருங்கள். "அட, அவங்களா!" என்று சிரித்துவிட்டு, தாங்கள் எந்தத் திருப்பத்தில் திட்டு வாங்கினோம் என்று கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். சாம்பல் நிறத்தில் சின்னக் கார். அதில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் அக்காவின் காலடியில் இன்னொன்று. நாம் மிதிக்க மறந்தால் அவர் மிதிப்பார். மிதித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலக் கேட்பார்: "ம், சொல்லுங்க. அந்த சைக்கிள்காரர் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணாரு?"

நான் வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் தலைமுறைகளிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த நெஞ்சு நிமிர்வு இன்றைக்கும் உண்டு, அதில் எனக்குக் கூச்சமில்லை. போதாததற்கு ஊரில் டிராக்டர் வேறு ஓட்டியிருந்தேன். இதெல்லாம் ஒரு வண்டியா என்ற தோரணையில்தான் முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். முதல் திருப்பத்திலேயே கார் குலுங்கி நின்றது.

"தம்பி, வயல்ல எதுத்தாப்புல யாரும் வர மாட்டாங்க. இங்க வருவாங்க."

அக்காவின் தமிழைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்த நாட்டில்தான். தமிழ்ப் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தமும் ஒரே ஒரு வாயிலிருந்து வந்தது, அது அவர் அம்மாவின் வாய். அதனால் கம்ப்யூட்டர் கம்பெனியில் நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிற பெரிய மனிதரைக்கூட, சமையலறையில் நிற்கிற அம்மா மாதிரிதான் திட்டுவார். "கண்ணு எங்க மேயுது?" "அடுப்புல பால வச்சுட்டு வேடிக்கை பாக்குற மாதிரி பாக்காதீங்க." "கியரப் பாத்துப் போடுங்க, கரண்டியா அது?" திட்டு வாங்குகிறவருக்குக் கோபம் வராது. வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

சிவப்பு விளக்குகளில் நிற்கும்போதும், மழைக்கு ஒதுங்கி ஓரமாக நிறுத்தியிருக்கும்போதும் அவர் சொன்னவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அவர் வளர்ந்த கதை இப்படி வரும்.

அவர் பிறப்பதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் இங்கே வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு ஒரு மரச்சாமான் கடையில் வேன் ஓட்டும் வேலை. அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. மலைபோலக் குவியும் போர்வைகளையும் நோயாளிகளின் அங்கிகளையும் துவைத்து, ஆளுயர உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்டு மடிப்பார்கள். வீடு ஒரு செருப்புக்கடைக்கு மேலே இரண்டு அறை. கதவைத் திறந்ததும் தரையில் ஒரு சதுரக் கால்மிதி. அதுதான் எல்லை.

"செருப்பக் கழட்டும்போது அவங்க பாஷையையும் கழட்டி வச்சுட்டு உள்ள வா. இது எங்க அம்மா போட்ட சட்டம்," என்றார் அக்கா. "மீறி ஒரு வார்த்தை அந்த பாஷையில பேசினேன்னு வைங்க, மூஞ்சிய அப்படியே செவுரு மாதிரி வச்சுக்குவாங்க. 'என்ன சொல்ற? எனக்கு விளங்கலயே'ன்னு. தண்ணி வேணும்னாலும் தமிழ்லதான் கேக்கணும். எங்க வீட்டுல பசிச்சாக்கூட தமிழ்லதான் பசிக்கும்."

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கண்டிக்கும்போது குனிந்தால், "என் கண்ணைப் பார்த்துக் கேள்" என்பார்களாம். வீட்டில் அம்மா கண்டிக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், "என்னடி முறைக்கிற?" என்று இன்னும் இரண்டு விழுமாம்.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஆள் மாறுவேன் தம்பி. காலைல வெளிய போகும்போது ஒரு தடவை, சாயங்காலம் உள்ள வரும்போது ஒரு தடவை. நாடகத்துல நடிக்கிறவங்களுக்காவது கைதட்டுவாங்க."

அப்பா அம்மா இரண்டு பேருக்கும் வெளியே பேச வாய் அவர்தான். வீட்டுச் சொந்தக்காரரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதும் அவர். மின்சார ஆபீசில் வரிசையில் நின்று சண்டை போடுவதும் அவர். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, 'உங்கள் மகள் வாயை மூடுவதே இல்லை' என்று டீச்சர் சொன்னதை, 'நான் எல்லார் கூடவும் நல்லா பழகுறேனாம்மா' என்று மாற்றிச் சொன்னதும் அவர்.

ஒரே ஒரு முறைதான் அந்த வேலை அவருக்குச் சுமையாக இருந்திருக்கிறது. அதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

"எனக்குப் பத்து வயசு இருக்கும். அம்மா வயித்துல ஒரு பாப்பா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அப்பா வெளியூர் வண்டில போயிருந்தாரு. டாக்டர் சொன்னத நான்தான் அம்மாகிட்ட சொன்னேன். பாப்பா இனி வராதும்மான்னு." அக்கா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கப்புறம் அம்மா என்னைய எந்த ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போனதில்ல. தனியாவே போயிடுவாங்க. வாயத் தொறக்கத் தெரியாம அங்க என்ன பண்ணுவாங்கன்னு நான் வீட்டுல தவிப்பேன். நான் சொன்ன விதம் சரியில்ல போல. என்மேல கோவம்னு நெனச்சேன். அதப்பத்தி நாங்க பேசினதே இல்ல. கிளம்புங்க தம்பி, பச்சை விழுந்துருச்சு."

கல்லூரியில் கணக்குப் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு, இந்தத் தொழிலுக்கு வந்தவர் அக்கா. அம்மாவுக்கு அது பெரிய அடி. பெண்பிள்ளையைப் படிக்க வைத்தது ரோட்டில் சுற்றவா என்று சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். சொந்தக்காரர்கள் போனில் கேட்டால், "பொண்ணு டீச்சரா இருக்கா" என்பாராம். என்ன பாடம் என்று கேட்டால், "எல்லாப் பாடமும்தான்" என்று சொல்லிவிட்டு வெங்காய விலைக்குத் தாவிவிடுவாராம். மகளின் காரில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை.

அப்படிப்பட்டவர் ஏற வேண்டி வந்தது.

சலவைக்கூடத்தை நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகக் கட்டிய கட்டடத்துக்கு மாற்றப் போகிறோம் என்று அறிவித்தார்கள். விடிவதற்குள் வேலை தொடங்கும். அந்த நேரத்தில் அங்கே பஸ் கிடையாது. இத்தனை காலமும் தன் பழைய காரில் கொண்டுபோய் விட்டு வந்த அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கி, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அங்கே சும்மா மடிக்கிறவர் இல்லை. இஸ்திரி வரிசை முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. அவர் தலையாட்டாமல் ஒரு போர்வை வெளியே போகாது. ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன.

"விட்டுடும்மா. வீட்டுல நிம்மதியா இரு," என்று அக்கா சொல்லிப் பார்த்தார்.

"வீட்டுல என்ன இருக்கு? உங்க அப்பாவும் டிவியும்தான். ரெண்டும் ஒரே விஷயத்தத் திருப்பித் திருப்பிச் சொல்லும். நான் கார் ஓட்டுறேன்."

"இந்த வயசுலயா?" என்றாராம் அப்பா.

"வயசு எனக்குத்தான ஆச்சு, காருக்கா ஆச்சு?"

லைசென்ஸ் பரீட்சைக்கு ஒரே ஒரு தேதி கிடைத்தது. கூடம் இடம் மாறுவதற்கு முந்தைய வாரம். அதில் தேறாவிட்டால் அம்மாவின் இடத்தில் வேறு ஆள். இதை அம்மா எந்நேரமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவும் இரவில் தூங்காமல் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் வகுப்புகள் படு மோசம். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் மிரட்டுகிற அக்காவுக்குத் தன் அம்மாவிடம் 'நிறுத்து' என்று சொல்ல வாய் வரவில்லை. "அம்மா, கொஞ்சம் நிறுத்தேன்மா, எதுத்தாப்புல லாரிம்மா" என்று கெஞ்சி முடிப்பதற்குள் கார் லாரிக்கு வணக்கம் சொல்லப் போயிருக்கும். காலால் பிரேக்கை மிதித்தால் அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "நான்தான் ஓட்டுறேன்ல, நீ எதுக்குக் குறுக்க மிதிக்கிற? உன்ன நடக்கப் பழக்கினவ நான்." நடுத்தெருவில் காரை நிறுத்திவிட்டு அம்மா அழுவார். பின்னால் நிற்கிற வண்டிகள் அலறும். அக்காவும் அழுவார்.

அப்போதுதான் அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. நம் வீடுகளில் வெளியாள் வந்தால் சண்டை பட்டென்று நின்றுவிடும் இல்லையா? முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க வாங்க, டீ சாப்பிடுறீங்களா" என்போம். அதை நம்பி ஒரு மூன்றாம் மனிதனைப் பின்னிருக்கையில் உட்கார வைப்பது என்று முடிவு செய்தார்.

"நீங்க சும்மா உக்காந்து பாருங்க தம்பி. உங்களுக்கும் பாடம். அம்மா உங்க முன்னாடி கத்த மாட்டாங்க."

கத்தவில்லைதான். ஆனால் விருந்தாளி வந்துவிட்டால் நம் வீட்டு அம்மாக்கள் வேறென்ன செய்வார்கள் என்பதை அக்கா யோசிக்காமல் விட்டுவிட்டார். கார் நகர்ந்த இரண்டாவது நிமிடம் அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தம்பி எந்த ஊரு?"

சொன்னேன்.

"அம்மா அப்பா நல்லாருக்காங்களா? கல்யாணம் ஆச்சா?"

"அம்மா, ரோட்டப் பாரு," என்றார் அக்கா.

"பாத்துட்டுத்தான இருக்கேன். தம்பி, அந்தப் பையில பிஸ்கட்டு வச்சிருக்கேன், எடுத்துச் சாப்பிடுங்க. கூச்சப்படாதீங்க." நான் எடுக்கிறேனா இல்லையா என்று பார்க்க அம்மா உடம்போடு பின்னால் திரும்பினார். கார் ரவுண்டானாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அக்காவின் கால் இறங்கியது. பிஸ்கட் பை என் மடியில் வந்து விழுந்தது.

"இதுக்குத்தான் உன்கூட வரமாட்டேன்னேன். வந்த பிள்ளை முன்னாடி என் மானத்த வாங்குறா," என்றார் அம்மா.

இப்படியே சில நாட்கள் போயின. பரீட்சைத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா கிளட்ச் பழகிவிட்டார், கியர் பழகிவிட்டார், நான் பார்த்தவரை தேர்ந்த கைதான். ஆனால் மகள் சொல்லி ஒரு காரியம் செய்வதில்லை. சொல்வதற்கு முன் செய்வார், அல்லது சொல்லி முடித்துச் சந்து தாண்டியபிறகு செய்வார்.

ஒரு நாள் காலையில் ஒரு குறுகிய தெருவுக்குள் போனோம். இரண்டு பக்கமும் கார்கள் நிறுத்தியிருந்தார்கள். நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும்தான் வழி. எதிரே பார்சல் வேன் ஒன்று வந்து மூக்குக்கு மூக்கு நின்றது. எங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட பஸ்.

"அம்மா, பயப்படாத. பேசாம இரு. அவன் எப்படியும் புரிஞ்சுக்குவான்," என்று அக்கா தணிந்த குரலில் சொன்னார்.

வேன்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். பிறகு தலையை வெளியே நீட்டி இந்த நாட்டு மொழியில் கத்தினான். ஓட்டத் தெரியாத கிழவிகளுக்கெல்லாம் யார் கார் கொடுத்தது, வீட்டில் கிடக்க வேண்டியதுதானே என்று அர்த்தம்.

அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்குவதற்குள் அம்மா தன் பக்கத்தை இறக்கிவிட்டார். முழங்கையை வெளியே வைத்தார். பேச ஆரம்பித்தார்.

இந்த நாட்டு மொழியில்தான். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: "மகனே, உனக்குப் பின்னாடி நாலு கார் நிறுத்துற அளவுக்கு இடம் காலியா கிடக்கு. எனக்குப் பின்னாடி பஸ்ஸு, அது நிறைய குழந்தைங்க. கண்ணு தெரியுதுல்ல? தெரியலன்னா எங்க ஆஸ்பத்திரிக்கு வா, உனக்கு வெள்ளை வெளேர்னு போர்வை நானே மடிச்சுத் தர்றேன். இன்னொரு தடவை ஹாரன அமுக்கினா அந்தக் கையையும் சேர்த்து மடிச்சிருவேன்."

குரலே வேறாக இருந்தது. கனத்த, திறந்த, சிரிப்பு ஒளிந்திருக்கும் குரல். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். இலக்கணம் அங்கங்கே நொண்டியதுதான், ஆனால் ஒரு வார்த்தைக்குக்கூட அம்மா தடுமாறவில்லை. வேன்காரன் வாயைத் திறந்தபடி பார்த்தான், பிறகு சிரித்துவிட்டான். கையை உயர்த்திக் கும்பிடுபோல ஒன்று போட்டுவிட்டுப் பின்னால் எடுத்தான்.

"நல்ல பிள்ளை," என்று அந்த மொழியிலேயே சொல்லிவிட்டு அம்மா வண்டியைக் கிளப்பினார். தெருவைத் தாண்டினார். யாரும் சொல்லாமலேயே இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாக அழகாக நிறுத்தினார். என்ஜினை அணைத்தார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பேசுவியா?"

அம்மா ஸ்டியரிங்கில் இல்லாத தூசியைத் தட்டினார். "வேலை செய்யற இடத்துல ஏழு நாட்டுப் பொம்பளைங்க. எல்லாருக்கும் பொதுவா வேற என்ன பாஷை இருக்கு?"

"எப்போலேர்ந்து?"

"உனக்குப் பதினொண்ணு, பன்னெண்டு இருக்கும்."

"அப்போ வீட்டுல, விளங்கல விளங்கலன்னு..."

நான் கதவின் கைப்பிடியைத் தொட்டேன். "அக்கா, நான் இறங்கி நடக்கட்டுமா?"

"உக்காருங்க!" என்றார் அக்கா. "உக்காரு!" என்றார் அம்மா. உட்கார்ந்தேன்.

"விளங்குதுன்னு சொன்னா நீ எதுக்குடி தமிழ்ல பேசப்போற?" அம்மா இப்போது தமிழுக்கு வந்திருந்தார், குரலும் பழைய குரலாகியிருந்தது. "உங்க அப்பா காலைல போனா இருட்டினப்புறம்தான் வருவாரு. இந்த ஊர்ல உனக்கு அத்தை இல்ல, மாமா இல்ல, பேச்சுக் குடுக்க ஒரு பக்கத்து வீடு இல்ல. என் வாய் ஒண்ணுதான். அதுவும் அவங்க பாஷைக்குப் போயிட்டா, நீ அம்மான்னு கூப்பிடுறதே நின்னு போயிடும்னு பயந்தேன். அதான் செவுடி மாதிரி இருந்துட்டேன்."

"அந்த ஸ்கூல் மீட்டிங்ல எல்லாம்..."

"அப்போ பாதிதான் புரியும். மீதி உங்க டீச்சர் மூஞ்சிலயே எழுதியிருந்துச்சு. எல்லார் கூடவும் நல்லா பழகுறாளாம்!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அது உடைந்தது. முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, வெகுநாட்கள் உள்ளேயே வைத்திருந்ததை மெதுவாக எடுத்து வைப்பவர்போலக் கேட்டார்.

"அதுக்கப்புறம் ஏம்மா என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டே போகல? நான் அன்னைக்கு சொன்ன விதத்துல உனக்குக் கோவமா?"

"எத?"

"பாப்பா வராதுன்னு."

அம்மா சீட் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பத்து வயசுப் பிள்ளை. என் விரல இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, எனக்கு வலிக்காத வார்த்தையாத் தேடினடி நீ. உதடு நடுங்குது, ஆனா அழல. நான் அழுதுருவேன்னு நீ அழல. அத நான் மறப்பேனா? அன்னைக்கே முடிவு பண்ணேன். இனி எனக்கு என்ன வந்தாலும் சரி, அத என் பிள்ளை வாயால நான் கேக்கக் கூடாது. மறுவாரமே மெஷின் பக்கத்துல நிக்கிறவகிட்ட கேட்டேன், வலிக்கு என்ன சொல்லணும், ரத்தத்துக்கு என்ன சொல்லணும்னு. அப்படித்தான் கத்துக்கிட்டேன். உனக்காகத்தான் கத்துக்கிட்டேன்."

"கோவம்னு நெனச்சேம்மா. இவ்ளோ வருஷம்."

"உன்மேலயா? பைத்தியக்காரி."

அவ்வளவுதான் பேசினார்கள். அம்மா புடவைத் தலைப்பால் முதலில் மகளின் மூக்கைத் துடைத்தார், அப்புறம் தன் கண்களை. நான் பிஸ்கட் பையைப் பிரித்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் கிளம்பும் முன் அக்கா சொன்னார்: "அம்மா, இனி கார்ல தமிழ் வேண்டாம். பரீட்சை முடியற வரைக்கும்."

"நானும் அதத்தான் நெனச்சேன். அந்த பாஷையில யார் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காது. எங்க கூடத்துல உன் வயசுல பாதி இருக்குற பொண்ணு வந்து அத மாத்து இத மாத்துன்னு சொல்றா, சரின்னு செய்யறேன். தமிழ்ல சொன்னாத்தான் சுடுது."

அன்றிலிருந்து அந்தக் காரில் நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கதவு மூடியதும் இரண்டு பேரும் வேறு ஆட்கள். அக்கா இந்த நாட்டு மொழியில் அம்மாவை மரியாதையாக அழைத்து, சுருக்கமாகக் கட்டளையிட்டார். "கண்ணாடி. இண்டிகேட்டர். வேகத்தைக் குறையுங்கள். நிறுத்துங்கள்." அம்மா நிறுத்தினார். தப்பு செய்தால், சலவைக்கூடத்தில் கற்ற கெட்ட வார்த்தை ஒன்றைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதல் முறை கேட்டபோது அக்கா விக்கித்துப் போனார்.

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?"

"பாதிரியார் பொண்ணு ஒருத்தி. தங்கமானவ."

சலவைக்கூடத்துக் கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சட்டைப் பைக்குள் பல்செட்டை வைத்துத் துவைக்கப் போட்ட டாக்டர். மேலதிகாரி நடக்கிற மாதிரி நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்து, திரும்பிப் பார்த்தால் அவரே பின்னால் நின்ற கதை. அம்மா நடித்தே காட்டினார், சிவப்பு விளக்கில் மட்டும். ஒரு நாள் அக்கா என்னை இறக்கிவிடும்போது சொன்னார்: "நான் மட்டும்தான் ரெண்டு ஆளா வளர்ந்தேன்னு நெனச்சிட்டு இருந்தேன் தம்பி. இந்தப் பொம்பள எனக்கு முன்னாடியே அத செஞ்சிருக்காங்க. இவங்க இவ்ளோ தமாஷானவங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

பரீட்சை நாளன்று அக்கா எனக்குப் போன் செய்தார். "நீங்க கொஞ்சம் வர முடியுமா? அம்மாவுக்குத் துணைக்கு இல்ல. எனக்கு."

எத்தனையோ பேரைத் தேர்வுக்கு அனுப்பியவர், அன்று காத்திருப்பு அறையில் உட்கார முடியாமல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். தண்ணீர் வாங்கினார், குடிக்கவில்லை. "ரவுண்டானால வலது பக்கம் பாக்க மறந்துருவாங்க." "பாக்க மாட்டாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றேன். "பெத்தவளுக்குத் தெரியாதா? அட, நான் பெத்தவளா அவங்கள? ஆமா, ஒரு வகையில நான்தான் இப்போ..." முடிக்கவில்லை. கார் திரும்பி வந்துவிட்டது.

பரீட்சை அதிகாரி இறங்கினார். இறுகிய முகம், மெல்லிய மீசை. அக்காவிடம் நேராக வந்தார்.

"உங்கள் மாணவியா?"

"ஆமாம்."

"என் சட்டைக் காலரை இஸ்திரி போட்டவருக்கு வேலையே தெரியவில்லை என்கிறார். ஈரத்தோடு போட வேண்டுமாம்." அவர் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தேறிவிட்டார்."

அம்மா காரை விட்டு இறங்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்ததும் அவரை நிமிர்ந்து பார்த்தார். தமிழில்தான் சொன்னார்.

"நல்லா சொல்லிக் குடுக்குறடி நீ."

அக்கா குனிந்து அம்மாவின் சீட் பெல்ட்டை விடுவித்துவிட்டார்.

புதிய கூடத்தில் வேலை தொடங்கிய அன்று கூடவே தன் காரில் வருகிறேன் என்றாராம் அக்கா. "பின்னாடியே வந்து என் மானத்த வாங்கப் போறியா? வீட்டுல இரு" என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கு அன்று அதிகாலையில் வகுப்பு வைத்தார் அக்கா. வழக்கமாக அந்த நேரத்தில் வகுப்பே கிடையாது. தூக்கக் கலக்கத்தோடு போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

"நேரா போங்க," என்றார்.

போனேன். நகரத்தின் விளக்குகள் பின்னால் போயின.

"நேராவே போங்க."

வயலும் கிடங்குகளுமாக வந்தன. எங்கே போகிறோம் என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஆவி புகையும் நீளமான வெள்ளைக் கட்டடம் ஒன்று வந்ததும், வேகத்தைக் குறைக்கும்படி கையால் காட்டினார். கார் நிறுத்துமிடத்தில் அப்பாவின் பழைய கார் நின்றது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் கோடுகளுக்குள். கட்டட வாசலில் நீல அங்கி போட்ட பெண்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா. கைகளை ஸ்டியரிங் பிடிப்பதுபோல வைத்துக்கொண்டு, ஒரு காலை ஓங்கி மிதித்து, யாரோ பதறி அலறுவதுபோல அலறிக் காட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். சத்தம் மட்டும் வந்தது, வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை.

"கூப்பிடலையா அக்கா?"

"வேண்டாம். அவங்க வேலைக்கு வந்திருக்காங்க." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க அலறுறது நான்தான், பாருங்க. நான் அப்படியா கத்துவேன்?"

"கொஞ்சம் அப்படித்தான் அக்கா."

"சரி சரி, வண்டிய எடுங்க. முதல்ல கண்ணாடியப் பாருங்க தம்பி, என்னையப் பாக்காதீங்க."